பன்னிரண்டு விசைகளும் அவற்றின் முன்னோரும்



சென்ற ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள். எங்கள் பள்ளியின் கணினிக் கூடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழில் தட்டச்சு செய்யக் கற்பித்துக் கொண்டிருந்தேன். எளிமை கருதி ஒலிபெயர்ப்பு முறையையே கையாண்டோம். ஆங்கில ‘எம்’ விசையைத் தட்டினால் மகரம் வரும். ‘பி’யைத் தட்டினால் பகரம் வரும். ‘பழம்’ என்ற சொல்லுக்கு வந்தபோது ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, ழ-ன்னா இங்கிலீசு ஸெட்டா?” என்று கேட்டான். அந்த முறையில் அது மெய்தான். ஆம் என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

மறுவாரம் சொல்வதெழுதுதல் பயிற்சி. அதே மாணவனின் ஏட்டில் ‘வாழை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘வா’வுக்குப் பின் ஆங்கில ‘ஸெட்’ எழுத்து நின்றது. அதனருகே ஐகாரக் குறியை ஒட்ட முயன்று அழித்திருந்தான். சோம்பலால் செய்த பிழையன்று அது. ழகரத்தின் உண்மையான வடிவம் அதுதான் என்று அவன் நம்பிவிட்டான். தமிழ் எழுத்து ஏதோ மேற்பூச்சு, அடியில் இருப்பது ஆங்கிலம் என்ற எண்ணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான்தான் ஆம் என்றவன்.

விசையின் தலையில் தமிழ் எழுத்து மட்டுமே இருக்கின்ற ஒரு சிறு பெட்டியைச் செய்து அவன் கையில் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அன்று முளைத்தது. நான் இலக்கியம் படித்தவன். அதுவரை சோல்டரிங் அயர்னைக் கையால் தொட்டதில்லை. கோலாலம்பூர் சாலான் பாசாரில் மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகளில் ஏறி இறங்கிப் பன்னிரண்டு விசைகள், கொஞ்சம் கம்பி, விரல் நீளமுள்ள ஒரு நுண்கட்டுப்படுத்திப் பலகை ஆகியவற்றை வாங்கி வந்தேன். செய்முறை விளக்கம் எழுதுவது இங்கே என் நோக்கமன்று. அதை என்னைவிட நன்றாக எழுதக்கூடியோர் பலர் உள்ளனர். ஆனால், அந்தச் சின்னஞ்சிறு பெட்டியைச் செய்கையில் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு முன்பே யாரோ ஒருவர் அங்கு வந்து, நின்று, யோசித்துவிட்டுப் போயிருக்கக் கண்டேன். அவர்களைப் பற்றித்தான் எழுத விழைகின்றேன்.

முதற்சிக்கல் கம்பி. பன்னிரண்டு விசைகளுக்குத் தனித்தனியே கம்பி இழுத்தால் பன்னிரண்டு கம்பிகளும் பொதுக்கம்பி ஒன்றும் வேண்டும். நூறு விசைகளென்றால் நூற்றொன்று. எவரும் அப்படிச் செய்வதில்லை. விசைகளை வரிசையும் நிரலுமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கம்பி, ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கம்பி என இழுக்கின்றனர். மூன்று வரிசை, நான்கு நிரல். ஆக ஏழே கம்பிகள். நுண்கட்டுப்படுத்தி முதல் நிரலுக்கு மின்சாரம் கொடுத்து, எந்த வரிசையில் அது வெளிவருகிறது என்று பார்க்கும். பிறகு இரண்டாம் நிரல், மூன்றாம் நிரல். ஒரு நொடியில் பல நூறு முறை இப்படிச் சுற்றிவரும். நிரலும் வரிசையும் சந்திக்கும் இடமே அழுத்தப்பட்ட விசை.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். என் வகுப்பறைச் சுவரில் இருபது ஆண்டுகளாகத் தொங்குவது இதுதானே! மேலே பன்னிரண்டு உயிர், பக்கவாட்டில் பதினெட்டு மெய். ஒரு விரலைக் ககர மெய்யிலும் இன்னொரு விரலை இகரத்திலும் வைத்து நகர்த்தினால் இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ‘கி’ இருக்கும். முப்பது எழுத்துகளை அறிந்தவனுக்கு 216 உயிர்மெய்களும் கைவந்துவிடும். முப்பது கம்பிகளில் 216 விசைகள் என்று ஒரு மின்பொறியாளர் சொல்வார். உயிர்மெய் அட்டவணை தெரிந்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் விசைப்பலகையின் உள்ளமைப்பைப் பத்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். நான் செய்து பார்த்தேன், விளங்கிக்கொண்டார்கள்.

இதே ஏழு, தொலைபேசியிலும் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்லின் என்ற உளவியலாளரின் குழு 1950களில் ஒரு வேலையில் இறங்கியது. சுழற்றும் தொலைபேசிக்கு மாற்றாக அழுத்தும் பொத்தான்கள் வரவிருந்தன. பத்துப் பொத்தான்களையும் எப்படி அடுக்குவது? இரண்டு நெடுவரிசையா, இரண்டு கிடைவரிசையா, பழைய வட்டமா? பற்பல அடுக்குகளை மனிதர்களின் கையில் கொடுத்து, எவ்வளவு விரைவாக எண்களை அழுத்துகின்றனர், எத்தனை பிழை செய்கின்றனர் என்று அளந்தார்கள். அந்த ஆய்வின் முடிவுகளை டைனிங்கர் என்பார் 1960இல் வெளியிட்டார். மூன்று மூன்றாக மேலிருந்து கீழே 1, 2, 3 என்று தொடங்கி அடியில் சுழியம் வரும் அடுக்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 18ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் இரண்டு சிற்றூர்களில் அது பொதுமக்களிடம் வந்தது. உடுக்குறியும் சதுரக்குறியும் 1968இல் சேர்ந்து பன்னிரண்டாயின. ஒவ்வொரு பொத்தானும் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்பும். ஒன்று வரிசைக்குரியது, மற்றொன்று நிரலுக்குரியது. நான்கு வரிசை ஒலிகள், மூன்று நிரல் ஒலிகள். ஏழு ஒலிகளில் பன்னிரண்டு பொத்தான்கள்!

(கணக்குப் பொறியில் மட்டும் 7, 8, 9 மேலே இருப்பதேன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அது 1914இல் டேவிட் சண்ட்ஸ்ட்ராண்ட் என்பவர் கூட்டற்பொறிக்கு அமைத்த அடுக்கின் வழிவந்தது. இரு குடும்பங்களும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.)

நான் முதலில் தொலைபேசி அடுக்கையே எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு பொத்தான், பன்னிரண்டு உயிர், வேறென்ன வேண்டும்? தாளில் வரைந்து பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. மூன்று மூன்றாக அடுக்கினால் அ, ஆ, இ என்று முதல் வரிசை முடிந்துவிடுகிறது. ஈகாரம் கீழே போய்விடுகிறது. குறிலும் நெடிலும் பிரிந்த குடும்பமாகிவிடுகின்றன. தாளைப் பக்கவாட்டில் திருப்பினேன். நான்கு நான்காக எழுதினேன்: அ ஆ இ ஈ, உ ஊ எ ஏ, ஐ ஒ ஓ ஔ. எந்த இணையும் பிரியவில்லை! பெல் ஆய்வுக்கூடத்தாரின் அடுக்கைக் குப்புறச் சாய்த்ததே என் ஒரே கண்டுபிடிப்பு. அதுவும் கண்டுபிடிப்பு என்று சொல்லத் தக்கதா என்பது ஐயமே.

ஓர் எழுத்தை எந்த இடத்தில் வைப்பது என்று தாளும் பென்சிலுமாக இரவில் உட்கார்ந்திருந்தபோது, இதே மண்ணில் இதே வேலையைப் பன்மடங்கு பெரிய அளவில் செய்த ஒருவரை நினைத்துக்கொண்டேன். இரா. முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, இளமையிலேயே பிழைப்புக்காக மலாயாவுக்குக் கப்பலேறியவர். இங்கே ஆங்கிலத் தட்டச்சுப் பொறியைப் பார்த்தார். தமிழுக்கு அப்படியொன்று வேண்டுமென்று எண்ணினார்.

அவர் எதிர்கொண்டது எத்தகைய முட்டுக்கட்டை என்பதைப் பொறியின் இயக்கத்தை அறிந்தால்தான் உணரமுடியும். ஆங்கிலத் தட்டச்சில் விசையை அழுத்தினால் எழுத்துத் தாங்கிய கரமொன்று எழுந்து தாளில் அடிக்கும்; உடனே தாளைத் தாங்கிய வண்டி ஓரெழுத்து இடம் நகரும். விசைகளோ நாற்பத்துச் சொச்சம். மேல்விசையும் கீழ்விசையுமாகக் கணக்கிட்டாலும் நூற்றுக்குள்தான் வடிவங்கள் அடங்கும். தமிழுக்கோ 247 எழுத்துகள்; வடவெழுத்துகள் தனி. எல்லாவற்றுக்கும் விசை கொடுப்பது இயலாத காரியம். கால், கொம்பு, இரட்டைக் கொம்பு போன்றவை தனித்து நிற்பவை. அவற்றைத் தனி விசையாக்கிவிடலாம். ஆனால், புள்ளியோ எழுத்தின் தலைக்குமேல் அமர்கிறது. இகரக் கொக்கி எழுத்தோடு ஒட்டுகிறது. புள்ளியை அடித்தவுடன் வண்டி நகர்ந்துவிட்டால் அது அடுத்த இடத்தில் அனாதையாக நிற்கும்.

நகரா விசையே இதற்கு விடையாயிற்று. அதை அழுத்தினால் குறி தாளில் பதியும். வண்டி மட்டும் நகராது. பிறகு ககரத்தை அடித்தால் அதே இடத்தில், புள்ளிக்கு அடியில், ககரம் விழும். அப்பொழுதுதான் வண்டி நகரும். ஆக, கையால் எழுதும்போது இறுதியில் வைக்கும் புள்ளியைத் தட்டச்சில் முதலில் வைக்க வேண்டும். பழைய தட்டச்சர்களைக் கேட்டுப் பாருங்கள். புள்ளியை முந்தி அடிக்கும் பழக்கம் அவர்களின் விரலை விட்டு இன்னும் போயிராது. உ, ஊ சேர்ந்த உயிர்மெய்கள் எழுத்துக்கு எழுத்து உருமாறுபவை. ‘கு’வுக்கும் ‘டு’வுக்கும் ‘ரு’வுக்கும் பொதுவான குறியே கிடையாது. எதற்குத் தனிவிசை தருவது, எதை இரண்டு துண்டாக ஒட்டுவது என்று ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டிய வேலை.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் அவருடைய அமைப்பைக் கொண்ட பொறிகள் செருமனியில் செய்யப்பட்டன. திரெஸ்டன் நகரத்து சைடல் – நௌமன் ஆலையில் உருவான ‘பிஜோ’ என்னும் கையடக்கப் பொறி அவற்றுள் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் மலாயாவில் அமர்ந்து சிந்தித்ததைச் செருமானியர் இரும்பில் வார்த்தனர். அவரைத் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று போற்றுகின்றோம். ஆயினும் எங்கள் பள்ளி மாணவர் எவருக்கும் அவர் பெயர் தெரியாது. பாடநூலில் இல்லையே என்று நான் குறைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால், இருபதாண்டு ஆசிரியப் பணியில் நானும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னர் வந்த வரலாறு நம்மில் பலர் கண்முன் நடந்தது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணா, றா, னா, ணை, லை போன்ற பதின்மூன்று எழுத்துகளின் பழைய சிறப்பு வடிவங்களை விலக்கியபோது விசைகளின் சுமை சற்றுக் குறைந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். அவருடைய ‘செல்லினம்’ 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அறிமுகமாகித் தொலைபேசியின் பன்னிரண்டு பொத்தான்களிலும் தமிழை ஏற்றியது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ் இணைய மாநாட்டுக்கு வித்திட்டார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து ‘தமிழ்99’ விசைப்பலகை பிறந்தது.

தமிழ்99 செய்த மாற்றம் சிறியதன்று. முத்தையாவின் பொறியில் எழுத்தின் உருவமே அரசன். ‘கெ’ வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ககரம். தமிழ்99இல் ஒலியே அரசன். முதலில் ககரம், பிறகு எகரம். பலகையின் இடப்பக்கத்தில் பன்னிரண்டு உயிரும் ஆய்தமும் குடியிருக்கின்றன. மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். சுவரில் தொங்கும் அதே உயிர்மெய் அட்டவணையை இரு கைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தாற்போல! என் பெட்டி தமிழ்99இன் அந்த இடக்கைப் பாதிதான். மெய்களுக்குப் பழைய விசைப்பலகையின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டேன்.

ஆய்தத்துக்கு மட்டும் இடமில்லை. தமிழ்99இல் புள்ளி வைப்பதற்கும் ஆய்த விசையே வேண்டும். அதை விட்டுவிட்டுப் பிழைக்க முடியாது. இங்கேதான் நிரலாக்கத்தின் அருமை தெரிந்தது. ஔகார விசையை அரை நொடி அழுத்திப் பிடித்தால் ஆய்தம் வரட்டும் என்று நிரலில் நான்கு வரி எழுதினேன். முத்தையாவுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர் ஒரு விசையை மாற்ற நினைத்தால் திரெஸ்டனுக்குக் கடிதம் எழுதியிருக்க வேண்டும். ஔகாரத்தை ஏன் தேர்ந்தாய் என்பீர்கள். குறைவாகப் பயன்படுவது அதுதான். ஔவையார் பொறுத்தருள்வாராக.

நான் வாங்கிய பலகை அர்துயினோ வழியில் வந்தது. அதன் பிறப்பிடம் இத்தாலியின் வடமேற்கிலுள்ள இவ்ரேயா என்னும் சிறுநகரம். 2005இல் அங்கிருந்த வடிவமைப்புக் கல்விக்கழகத்தில் மாசிமோ பான்சியும் அவருடைய நண்பர்களும் மின்னணுவியல் அறியாத மாணவர்களுக்காக அதை உருவாக்கினார்கள். என் போன்றோருக்காக என்றும் சொல்லலாம். அதற்கு ஈராண்டு முன்னரே அதே கழகத்தின் மாணவர் எர்னாந்தோ பராகான் என்ற கொலம்பியர் ‘வயரிங்’ என்ற பெயரில் இட்ட அடித்தளத்தின் மீதே அது எழுந்தது; அவரைப் பலரும் மறந்துவிடுகின்றனர். அதே இவ்ரேயாவில்தான் 1908இல் கமில்லோ ஒலிவெட்டி தம் தட்டச்சுப் பொறி ஆலையைத் தொடங்கினார் என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அந்தக் கல்விக்கழகத்தை நிறுவியோருள் ஒலிவெட்டி நிறுவனமும் ஒன்று. தட்டச்சு ஊரில் பிறந்த பலகை என் மேசையில் மீண்டும் விசைகளைத் தேடி வந்திருக்கிறது!

பெட்டி ஒருவாறு உருப்பெற்றது. முதல் நாளே அளபெடுத்தது. ‘கா’ என்று அடித்தால் திரையில் ‘காஆ’ என்று வந்தது. இலக்கணப்படி ‘காஅ’ என்றல்லவா வரவேண்டும்! காரணம் எளிது. விசைக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது ஓரிரு மில்லிநொடிகள் துள்ளுகின்றன. நம் விரலுக்கு ஓர் அழுத்தம். நொடிக்குப் பல நூறு முறை பார்க்கும் நுண்கட்டுப்படுத்திக்கோ இரண்டு, மூன்று. ஓர் அழுத்தத்தைக் கண்டபின் இருபது மில்லிநொடி கண்ணை மூடிக்கொள் என்று நிரலில் சொன்னதும் அளபெடை நின்றது.

அடுத்தது பேய். சிக்கனம் கருதி, ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைக்க வேண்டும் என்ற அறிவுரையைப் புறக்கணித்திருந்தேன். எங்கள் பிள்ளைகள் விரலால் அழுத்துவதோடு நிற்பதில்லை, உள்ளங்கையையே வைத்துவிடுவார்கள். ஒரு சிறுமி அ, இ, உ மூன்றையும் ஒருசேர அழுத்த, யாரும் தொடாத எகரமும் சேர்ந்து வந்தது. கட்டத்தில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் அழுத்தப்பட்டால் மின்சாரம் சுற்றுவழியாகப் பாய்ந்து நான்காம் மூலையையும் அழுத்தியதாகக் காட்டும். என் அடுக்கில் அ, இ, உ, எ நான்கும் ஒரு செவ்வகம். சுட்டெழுத்து மூன்றையும் அழுத்தினால் வினாவெழுத்துத் தானே பிறக்கிறது! இதை இலக்கண ஆசிரியனைத் தவிர வேறெவனும் வியந்திருக்கமாட்டான். வியந்தது போதுமென்று மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும் டயோடுகள் பன்னிரண்டை வாங்கி, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி பற்றவைத்தேன். ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டதால் ஐகாரம் இரண்டு நாள் ஊமையாகக் கிடந்தது.

இனி, நான் எதிர்பாராத ஒன்று. விசைப்பலகை எழுத்துகளை அனுப்புகிறது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அனுப்புவதில்லை. அது அனுப்புவது வெறும் எண். யூ.எஸ்.பி. விசைப்பலகைகளுக்கான பட்டியலில் ஆங்கில ‘ஏ’ விசைக்கு 4, ‘பி’ விசைக்கு 5 என்று அகரவரிசையில் எண்கள் இடப்பட்டுள்ளன. அந்த எண் எந்த எழுத்து என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது. யூனிகோடில் அகரத்துக்கு 2949 என்று சொந்த எண் உண்டு. ஆனால், விசைப்பலகைக்கு அந்த எண்ணைச் சொல்ல வாயில்லை. ஆகவே, தலையில் அ, ஆ, இ, ஈ என்று அழகாகப் பொறித்த என் விசைகள் உண்மையில் 4, 20, 22, 26 என்றே கணினிக்குச் சொல்கின்றன; ஆங்கிலப் பலகையில் அவ்விடங்களில் உள்ள விசைகளின் எண்கள் அவை. எதிலிருந்து அந்தச் சிறுவனை மீட்க நினைத்தேனோ, அது என் பெட்டியின் அடிவயிற்றிலேயே அமர்ந்திருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்றால் மிகையாகாது.

பிறகு எண்ணிப் பார்த்தேன். 4 என்பது ஆங்கிலமுமன்று. இடத்துக்கு ஒரு பெயர், அவ்வளவே. ஆங்கில ‘ஏ’யும் கணினிக்குள் நுழையுமுன் அதே 4 ஆகத்தான் நிற்கிறது. பட்டியலை எழுதியவர்கள் தங்கள் எழுத்து வரிசையில் எண்ணிட்டார்கள். நாம் எழுதியிருந்தால் நம் வரிசையில் இட்டிருப்போம். அந்த அறையில் நாம் இல்லை.

பெட்டியைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். அந்த மாணவன், இப்போது மூன்றாம் ஆண்டு, நெடுநேரம் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அகரத்தை அழுத்தினான், திரையைப் பார்த்தான். ஔகாரத்தை அழுத்திப் பிடித்து ஆய்தம் வருவதைக் கண்டு நான்கு முறை செய்தான். பின்னர் நிமிர்ந்து, “ஐயா, ழ எங்க?” என்றான்.

பன்னிரண்டும் உயிர்தான் என்று சொன்னேன். முகம் சற்றே வாடியது.

மெய்களுக்குப் பதினெட்டு விசைகள் வேண்டும். மூன்று வரிசை, ஆறு நிரல், ஒன்பது கம்பி. முதல் வரிசை வல்லினம், இரண்டாவது மெல்லினம், மூன்றாவது இடையினம். இம்முறை எதையும் சாய்க்க வேண்டியதில்லை. டயோடுகளையும் மறக்காமல் வாங்கிவிட்டேன். ழகரம் மூன்றாம் வரிசையில் ஐந்தாவது. தமிழ்99இன்படி அது கணினிக்குச் சொல்லப்போகும் எண் 56. ஆங்கிலப் பலகையில் அந்த விசையின்மேல் இருப்பது ஒரு சாய்கோடுதான், எழுத்தே இல்லை. அவனிடம் அதைச் சொல்லிவிட்டேன்.